வெறுந்தண்ணி அக்கா

தலைமுடி எண்ணெய் ஒண்ணு வந்துச்சு. மூணு மாசத்துல முடி இடுப்பத் தாண்டும்னு விளம்பரம். எங்க காலேஜ்ல டைப்பிஸ்ட்ல இருந்து பிரின்சிபால் சம்சாரம் வரைக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினோம். அக்காவும் வாங்கினாங்க. ஆனா தலையில ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அதத் தேச்சாங்க. மறுபக்கத்துக்கு வீட்டுத் தேங்காண்ணெ. மூணு மாசம், ஒரு நாள் தப்பாம. ஞாயித்துக்கிழமை பூசையில அவங்களுக்குப் பின்னால நிக்கிற பொம்பளைங்க பாதிப்பேர் ஜெபத்த விட்டுட்டு அவங்க தலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு ஒரு ஸ்கேலோட வந்து, என் மேசைக்கு முன்னால முதுகக் காட்டி உக்காந்தாங்க.

"அளங்க மேடம். எந்தப் பக்கம் எந்த எண்ணெய்னு இப்ப சொல்ல மாட்டேன்."

அளந்தேன். ரெண்டு பக்கமும் ஒரே நீளம். "சரி, தெரிஞ்சு போச்சு"ன்னு கொண்டையப் போட்டுக்கிட்டு எந்திரிச்சாங்க. பாட்டில்ல மிச்சம் இருந்தத, சோதனை எலிகள வச்சிருக்கிற அனிமல் ஹவுஸ் கதவுக் கீலுக்கு விட்டாங்க. அதுவரைக்கும் கிரீச்சுன்னு கத்தின கதவு சத்தமில்லாம தெறந்துச்சு. "இதுக்கு நல்லா கேக்கு மேடம், வாங்கினது வீண் இல்ல"ன்னாங்க.

அவங்க பேர நான் எழுதப் போறதில்ல. எழுதினா, "பேரு போடாம ஒண்ணு எழுதிப் பாத்தியளா, எது நல்லா வந்துச்சு"ன்னு கேக்கக்கூடிய ஆளு. காலேஜ்ல எல்லாரும் வெறுந்தண்ணி அக்கான்னுதான் சொல்லுவோம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், ஆனா அவங்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல, உப்பளங்களத் தாண்டி எங்க பார்மசி காலேஜ். நான் அங்கயே படிச்சு, அங்கயே மருந்தியல் நடத்திக்கிட்டு இருந்தேன். அக்கா அனிமல் ஹவுஸப் பாத்துக்கிட்டாங்க. எங்களுக்குள்ள நாலு வயசுதான் வித்தியாசம். ப்ரெஷர் மருந்து எதையும் எடுத்த எடுப்புல மனுசனுக்குக் குடுக்க முடியாது, முதல்ல எலிக்குத்தான். எலிக்கு வாரக்கணக்குல உப்புத்தண்ணி குடிக்கக் குடுத்து ப்ரெஷர ஏத்துவோம். பொறவு மருந்து குடுத்து இறங்குதான்னு பாப்போம். "உப்பு வெளையுத ஊருல எலிக்கு உப்புத்தண்ணி குடுக்க சம்பளம் வாங்குதோம், பாத்துக்கிடுங்க"ன்னு அக்கா சிரிப்பாங்க.

எந்தச் சோதனையிலயும் ஒரு ஆறு எலிக்கு மருந்து கிடையாது. மத்த எலிக்கு மருந்து ஊத்துற அதே நேரத்துல, வாய்க்குள்ள விடுற அதே மொண்ணை ஊசியால, இதுகளுக்கு வெறுந்தண்ணி ஊத்துவோம். வேலைக்குச் சேந்த புதுசுல அக்காவுக்கு இது கிறுக்குத்தனமாத் தெரிஞ்சிருக்கு. தண்ணிய ஊத்துறதுக்கு எதுக்கு ஊசின்னு எங்க பழைய ஹெச்.ஓ.டி.கிட்டயே கேட்டுட்டாங்க. அவர், "மருந்து குடிச்ச எலிக்கு ப்ரெஷர் இறங்குது. அது மருந்துல இறங்குச்சா, தானா இறங்குச்சான்னு எப்படிம்மா தெரியும்? குடிக்காதத பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்"னு சொன்னாராம். இதையேதான் அவர் வகுப்புல வருசா வருசம் சொல்லுவார். பரீட்சை முடிஞ்சதும் நாங்க மறந்துருவோம். அக்காவுக்குப் பரீட்சையே கிடையாது, அதனால மறக்கல.

அதுல இருந்து யாரு என்ன நல்ல சேதி சொன்னாலும் அவங்களுக்கு ஒரே கேள்விதான். வெறுந்தண்ணிக் கூட்டம் என்னாச்சு?

ஆபீஸ்ல இருந்த கிளார்க் பதிமூணு செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினார், மகன் பன்னெண்டாம் வகுப்பு பாஸ் பண்ணிட்டான். சந்தோசமா லட்டு குடுத்துக்கிட்டே வந்தார். அக்கா லட்ட வாயில போட்டுக்கிட்டே, "மெழுகுதிரி கொளுத்தாத வீட்டுப் புள்ளைய எத்தன பாஸ் அண்ணாச்சி?"ன்னு கேட்டாங்க. அவர் ஒரு மாசம் அவங்களோட பேசல. இதுல வேடிக்கை என்னன்னா, செவ்வாக்கிழமை தவறாம அக்காவும் போய் மெழுகுதிரி கொளுத்துவாங்க. மடக்கிட்டோம்னு நெனச்சு நான் கேட்டேன்.

"நான் என்னத்தயும் கேட்டா கொளுத்துதேன்? சும்மா கொளுத்துதேன். அந்தோணியாரு இருட்டுல நிக்காருல்லா"ன்னாங்க.

அவங்க வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போறவர். யாரோ வேளாங்கண்ணியில இருந்து கொண்டுவந்த மாதா சுரூபத்தக் கழுத்துல போட்டுக்கிட்டு முங்கினதுல ஒருநாள் நல்ல சங்கா நாப்பது கெடைச்சிருக்கு. மனுசன் ஓடி வந்து சொன்னதும் அக்கா கேட்டது, "வெறுங்கழுத்தோட முங்குனவன் எத்தன எடுத்தான்?" அவர் கொஞ்சம் யோசிச்சு, "அவனும் நாப்பது எடுத்தான்"னார். "பொறவென்ன, சாப்பிடுங்க"ன்னு சோத்தப் போட்டாங்களாம். நல்ல சேதியோட வீட்டுக்குப் போகப் பயப்படுற புருசன் தூத்துக்குடியிலேயே அவர் ஒருத்தர்தான்னு நாங்க சொல்லிச் சிரிப்போம்.

எங்களையும் விட்டாங்கன்னா நெனைக்கிய? ஒரு தடவ ஸ்டாப் ரூம்ல எந்தக் கடை முந்திரி மக்ரூன் நல்லதுன்னு பெரிய சண்டை. ரெண்டு கடைக்கு ரெண்டு கட்சி. மறுநாள் அக்கா ரெண்டு கடையிலயும் வாங்கி, பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு ஒரே மாதிரி தட்டுல வச்சுக் கொண்டுவந்தாங்க. எது எதுன்னு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். எல்லாரும் தின்னுட்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தோம். ஒரு கடை மக்ரூனத் தவிர வேற மக்ரூன வாயில வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணின புது ஹெச்.ஓ.டி. அடுத்த கடை தட்டுல ரெண்டாவது தடவ கை வச்சுக்கிட்டு இருந்தார். அன்னையோட அந்தச் சண்டை ஓஞ்சுது. எனக்கென்னமோ சண்டை இருந்தப்பதான் மக்ரூன் ருசியா இருந்துச்சு.

வெளியில அவங்களுக்குப் பெரிய தொண்டை. பொறந்தது ஆலந்தலை, கரையில நின்னு கடல்ல இருக்கிற வள்ளத்தக் கூப்பிட்டுப் பழகின குரல். கேட்டுல நின்னு வாட்ச்மேனத் திட்டினா மூணாவது மாடி வகுப்புல எனக்குக் கேக்கும். அதே ஆளு அனிமல் ஹவுஸ் வாசல்படி ஏறினதும் வாய்க்குள்ளதான் பேசுவாங்க. காரணம் இருக்கு. எலிக்கு ப்ரெஷர் பாக்கணும்னா, அத ஒரு சின்னக் குழாய்க்குள்ள விட்டு, வாலை மட்டும் வெளிய எடுத்து, லேசா சூடு காட்டி, வாலுல ஒரு பட்டைய மாட்டிக் காத்தடிக்கணும். நமக்குக் கையில மாட்டுறமே, அதே வேலைதான். எலி பயந்துச்சுன்னா ப்ரெஷர் எகிறிரும். சத்தத்துக்குப் பயப்படும், சென்டு வாசனைக்குப் பயப்படும், புது ஆள் கைக்குப் பயப்படும். என் கையில இருந்தா சும்மாவே துடிக்கும். அக்கா கையில இருந்தா, பூசையில பிரசங்கம் கேக்குற ஆளு மாதிரி கண்ண மூடிக்கிடும்.

எலிக்குப் பேரு மட்டும் வைக்க விட மாட்டாங்க. ஸ்டூடன்ட் யாராவது ஆசையா ஒரு பேரு வச்சுக் கூப்பிட்டா, "பேரு வச்சா பிரியம் வரும். பிரியம் வந்தா கணக்கு கெட்டுப் போவும்"பாங்க. வாலுல போட்ட கோட்ட வச்சு ஒத்தக்கோடு, ரெட்டக்கோடுன்னுதான் சொல்லணும்.

இனி என் கதைக்கு வாரேன். எங்கப்பாவுக்கு உடன்குடி பஜார்ல கருப்பட்டிக் கடை. அவருக்கு ப்ரெஷர் உண்டு, கோவமும் உண்டு. எதுல இருந்து எது வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாத்திரை போடுறத ஒரு கேவலமா நெனைக்கிற ஆளு. எங்க அம்மா போனதுக்குப் பொறவு நான்தான் தினம் காலையில போன் பண்ணி, போட்டிங்களா போட்டிங்களான்னு உயிர வாங்குவேன். எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து ஒரு கஷாயம் உண்டு. முருங்கை இலை, சீரகம், பூண்டு, அப்புறம் அப்பா யாருக்கும் சொல்லாத ரெண்டு பச்சிலை. ப்ரெஷருக்கு அதுக்கு மேல மருந்தே கிடையாதுன்னு அவர் கட்சி.

"ஊரான் மருந்தையெல்லாம் எலிக்கு ஊத்துத. உங்க தாத்தா கஷாயத்த ஒருநா ஊத்திப் பாத்தியாளா நீ?"ன்னு ஒரு தீவாளிக்குக் கேட்டார்.

நானும் அப்ப பி.ஹெச்டி.க்கு என்ன எடுக்கலாம்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இதையே எடுத்தேன். அந்த ரெண்டு பச்சிலையையும் என் காதுல மட்டும் சொன்னார். எலிச் சோதனைக்குக் கமிட்டி அனுமதி வாங்கி ஆரம்பிக்கவே ஒரு வருசம் ஆச்சு. அப்பா அப்பவே சொல்லிட்டார்: "எலிக்குக் கேக்குன்னு நீ சொல்லுத அன்னைக்கு மாத்திரையத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்." நான், "எலிக்குக் கேட்டா மட்டும் போதாதுப்பா, எலி வேற மனுசன் வேற"ன்னேன். அவர் காதுல முதல் பாதி மட்டும்தான் விழும்.

மூணு கூட்டம், கூட்டத்துக்கு ஆறு எலி. மூணுக்கும் குடிக்க உப்புத்தண்ணி குடுத்து ப்ரெஷர ஏத்தியாச்சு. பொறவு தினம் காலையில ஊசி வழியா ஒரு கூட்டத்துக்குக் கடையில விக்கிற ப்ரெஷர் மாத்திரையக் கரைச்சு ஊத்தணும், ஒண்ணுக்கு அப்பாவோட கஷாயம், ஒண்ணுக்கு வெறுந்தண்ணி. மாத்திரையையும் தண்ணியையும் நான் ஊத்தினேன். கஷாயம் கெட்டி, என் கையில ஊசி அடைச்சுக்கிடும், எலி திமிறும், பாதி என் லேப் கோட்டுல ஊத்தும். ரெண்டே நாள்ல அக்கா அந்த ஆறு எலியையும் என்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாங்க. அவங்க கையில ஒரு சொட்டு சிந்தாது. ஊத்தி முடிச்சதும் வாயத் தொடச்சுவிட்டு, "கசக்காலே, கசக்கும்லா"ன்னு மெதுவா சொல்லி, செத்த நேரம் மடியில வச்சிருந்துட்டுக் கூண்டுல விடுவாங்க. நான் தினம் அதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நல்ல மனசுன்னு நெனச்சேனே தவிர வேற ஒண்ணும் தோணல.

செவ்வாயும் வெள்ளியும் ப்ரெஷர் பாப்போம். குழாய்க்குள்ள விடுறது, பட்டை மாட்டுறது எல்லாம் அக்கா. மெஷினப் பாத்து எழுதுறது நான். மூணாவது வாரத்துல வெறுந்தண்ணிக் கூட்டம் ஏறின இடத்துலயே நிக்குது. மாத்திரைக் கூட்டம் நல்லா இறங்கிருச்சு. கஷாயக் கூட்டமும் இறங்கிருச்சு, மாத்திரைக்குச் சமமா. அன்னைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, உங்க கஷாயம் கேக்குதுப்பா"ன்னு சொல்லிட்டேன். முப்பத்தஞ்சு வயசுல அவரச் சந்தோசப்படுத்தணும்னு எனக்கு அப்படி ஒரு ஆசை. முழுசா முடியட்டும்னும் சொன்னேன். அதையும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

நாலாவது வாரம் அக்கா அஞ்சு நாள் லீவு. ஆலந்தலையில அண்ணன் மக கல்யாணம். அந்த வாரம் எல்லாத்தையும் நானே பாத்தேன். செவ்வாக்கிழமை பாத்தா கஷாய எலி ஆறும் வெறுந்தண்ணி எலி அளவுக்கு ஏறி நிக்குது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. மாத்திரைக் கூட்டம் மட்டும் இறங்கினபடியே இருக்கு. நோட்டுல எல்லாத்தையும் எழுதினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பொறவு சிவப்புப் பேனா எடுத்து ரெண்டு நாள் ரீடிங்கையும் குறுக்க அடிச்சு, ஓரத்துல 'கை பழகவில்லை'ன்னு எழுதினேன். என் கைதான் மோசமாச்சேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடுத்த வாரம் அக்கா வந்து பாத்ததும் கஷாய எலி மறுபடி இறங்கிருச்சு. அதனால என் சமாதானம் சரிதான்னு ஆயிருச்சு.

ஆறாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் அப்பா காலேஜுக்கே வந்துட்டார். வெள்ள வேட்டி, கையில ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி. தன் கஷாயத்தக் குடிக்கிற எலிகளப் பாக்கணுமாம். அக்கா அனிமல் ஹவுஸ் வராந்தாவுல ஒரு நாற்காலியப் போட்டு மறிச்சுட்டாங்க.

"உள்ள விட முடியாது அண்ணாச்சி. புது ஆள் வாசன பட்டா அதுகளுக்கு ப்ரெஷர் ஏறும்."

"என் கஷாயத்தக் குடிக்கிற எலிக்கு என்னயப் பாத்தா ஏறுமா?"

"உங்க மேல கருப்பட்டி வாசன வருது. பொறவு கஷாயம் வேண்டாம், கருப்பட்டியத் தாங்கன்னு கேக்கும்."

அப்பாவுக்கு அவங்களப் புடிச்சுப் போச்சு. உக்காந்து ஒரு பேச்சு. "எனக்கு இப்ப உடம்பு காத்தா இருக்கும்மா. மாத்திரைய விட்டு மூணு வாரம் ஆச்சு. எங்க பஜார்ல இன்னும் நாலு பேரு விட்டுட்டான். தினம் காலையில என் கடையில வந்துதான் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்கான்."

தினம் காலையில போன்ல போட்டிங்களான்னு நான் கேக்க, ஆச்சும்மா ஆச்சும்மான்னு அவர் சொன்னது கஷாயத்த.

"யாரக் கேட்டு விட்டிய அண்ணாச்சி?"ன்னாங்க அக்கா. அவங்க முகத்துல சிரிப்பு போயிருந்துச்சு.

"என் மவ சொன்னா. எலிக்குக் கேட்டுருச்சுன்னு."

அக்கா என்னப் பாத்தாங்க. நான் வேப்பமரத்தப் பாத்தேன். "அண்ணாச்சி, இங்கன இருங்க, இப்ப வாரோம்"னு சொல்லிட்டு என்ன உள்ள கூட்டிட்டுப் போய் கதவச் சாத்தினாங்க.

"நோட்ட எடுங்க மேடம்."

எடுத்துக் குடுத்தேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாட்டாலும் அவங்களுக்கு நம்பர் தெரியும். விரல வச்சு ஒவ்வொரு வாரமா இறங்கினாங்க. சிவப்புக் கோட்டுல விரல் நின்னுருச்சு.

"இது ஏன் அடிச்சிருக்கு?"

"நீங்க லீவுல போன வாரம். நான் புடிச்சேன். என் கையில எலி பயப்படும்ல."

"பயப்பட்டா எல்லா எலியும்லா பயப்படணும். மாத்திரக் கூட்டம் இங்கனயும் இறங்கித்தான நிக்கி. கஷாயத்து எலி மட்டும் ஏன் ஏறுது?"

அக்கா அந்த ஆறு எலியையும் கூண்டோட எடுத்து மேசையில வச்சாங்க. "நீங்க பாருங்க, நான் வெளிய நிக்கேன்"னு போயிட்டாங்க. நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். எல்லாம் ஏறி நின்னுச்சு. அரைமணி நேரம் விட்டு அவங்க வந்து, அதே எலிகள அதே குழாய்ல விட்டுப் பாத்தாங்க. எல்லாம் இறங்கி நின்னுச்சு. நோட்டுல எழுதவே வேண்டியிருக்கல.

அக்கா தீவன மூட்டை மேல உக்காந்துட்டாங்க. "மருந்து இல்ல மேடம். என் கை. பேரு வச்சாக் கெட்டுப் போவும்னு எல்லாரையும் சொல்லிட்டு நான் மடியில வச்சிருக்கேன். இந்த ஆற மட்டும் வச்சிருக்கேன். மத்த பன்னெண்டையும் மடியில வச்சாத்தான? ஊருல எல்லாவனையும் வெறுந்தண்ணி எங்கலே வெறுந்தண்ணி எங்கலேன்னு கேட்டனே, என்னய நான் கேக்கலியே."

எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. ஒன்னரை வருசம் போச்சேன்னு வந்துச்சு. "கொஞ்சமாவது கஷாயத்துக்கும் கேட்டிருக்கலாம்ல. உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? எல்லாத்தையும் கெடுக்கணும் உங்களுக்கு"ன்னு அந்த ரூம்ல யாரும் பேசாத சத்தத்துல பேசிட்டேன். கூண்டுல எலியெல்லாம் ஓடுச்சு. அக்கா எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சாங்க. அதுவரைக்கும் என்ன மேடம்னு தவிர கூப்பிட்டதில்ல.

"ஏளா, வெளிய உக்காந்திருக்கது உங்கப்பா."

ஹாஸ்டல் நர்ஸ்கிட்ட கூட்டிட்டுப் போய் அப்பாவுக்கு ப்ரெஷர் பாத்தோம். நூத்தித் தொண்ணூறத் தாண்டி இருந்துச்சு. "பஸ்ல வந்தேன்லா, வெயிலு"ன்னார். அக்கா அரைமணி நேரம் அவர உக்காரவச்சு, பேசவிடாம, மறுபடி பாக்கச் சொன்னாங்க. அப்படி மூணு தடவ. மூணும் ஒண்ணுபோல இருந்துச்சு. விசயத்த எடுத்துச் சொன்னேன். அப்பா ஒத்துக்கிடல.

"எலிக்குக் கேக்கலன்னா எனக்குக் கேக்காதுன்னு என்ன சட்டம்? எலி வேற மனுசன் வேறன்னு நீதானளா சொன்ன?"

என் வார்த்தையையே என் வாயில திணிச்சார். அக்கா அவர் முன்னால தரையில உக்காந்தாங்க.

"வாஸ்தவம் அண்ணாச்சி. எலி வேற. எலின்னா கூட்டத்துக்கு ஆறு இருக்கும். ஒண்ணு செத்தா மிச்சம் அஞ்ச வச்சு நாங்க கணக்கு எழுதிருவோம். இந்தப் புள்ளைக்கு அப்பான்னு எத்தன பேரு இருக்கிய?"

அப்பா "டாக்டர்ட்ட போவோம்"னு எந்திரிச்சார். டவுன்ல டாக்டர் மாத்திரையும் எழுதிக் குடுத்தார், வயசுக்கு மரியாத பாக்காம நாலு வார்த்தையும் குடுத்தார். அங்கேயே தண்ணி வாங்கி முழுங்கிட்டு வெளிய வந்த அப்பா மருந்துக்கடை வாசல்லயே நின்னுட்டார். பஜார்ல அந்த நாலு பேருக்கும் எப்படிச் சொல்றதுன்னு அவருக்குக் கவலை. "நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன். கருப்பட்டியில மண்ணுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"ன்னு மெதுவாச் சொன்னார். போன்ல சொல்லலாம்ப்பான்னேன். போன்ல சொன்னா நம்புவாங்களான்னார்.

அக்கா உடன்குடி பஸ்ஸுல ஏறி எங்களுக்கும் இடம் போட்டுட்டாங்க.

பஜார்ல இறங்கினதும் அந்தக் கரைத்தொண்டை திரும்பி வந்துச்சு. முதல்ல பாத்திரக்கடை. "அண்ணாச்சி, நான்தான் எலி பாக்குத பொம்பள. தப்பு என் மேல. என் கை பண்ணுன வேலைய மருந்துன்னு நெனச்சுட்டோம். இவுகளுக்குத் தப்பாச் சேதி போனதும் என்னாலதான். கஷாயத்த நிறுத்துங்க, இன்னைக்கே டாக்டரப் பாத்து மாத்திரையப் போடுங்க." கடையில நின்னவங்க சிரிச்சாங்க. "எலி மேய்க்கிறவ பேச்சக் கேட்டு மாத்திரைய விட்டமே, நம்மளச் சொல்லணும்"னார் பாத்திரக்கடைக்காரர். அக்காவும் கூடச் சேந்து சிரிச்சாங்க. அடுத்து ஜவுளிக்கடை, மளிகைக்கடை. அங்கயும் அதே பேச்சு, அதே சத்தம். அப்பா தலையக் குனியவிடாம முன்னால முன்னால போனாங்க.

நாலாவதா சைக்கிள் கடை. கடைக்காரர் ரெண்டு நாளா தலசுத்துன்னு வீட்டுக்குள்ள படுத்திருந்தார். விசயத்தக் கேட்டதும் அவர் சம்சாரம் அக்காவப் புடிச்சுக்கிட்டாங்க. என் தாலியில வெளையாடுனியளா, உங்களுக்கு எலி போதாதான்னு, தெருவே கூடி நிக்க, வாய்க்கு வந்தபடி பேசினாங்க. அக்கா முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, "தப்புதான் தாயி, தப்புதான்"னு நின்னாங்க. பொறவு அவங்களே ஆட்டோ புடிச்சு அவர ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டாங்க. அங்க மூணு நாள் வச்சிருந்து நல்லபடியா அனுப்பிட்டாங்க. இவ்வளவுக்கும் நான் ஓலைப்பெட்டியக் கையில வச்சுக்கிட்டுப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை பேசல.

திரும்பி வரும்போது பஸ்ல கேட்டேன். "நோட்டுல அந்த ரீடிங்க அடிச்சது நான்தான அக்கா. அத ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் தப்புன்னா பொறவு எவன் பேச்சக் கேட்டு மாத்திரையப் போடுவான்? ஒரு ஆளாவது மிச்சம் இருக்கட்டும்"னாங்க. சொல்லிட்டு ஜன்னல்ல தலைய வச்சுத் தூங்கிட்டாங்க. எனக்குத் தூக்கம் வரல.

புது எலி வாங்கி எல்லாத்தையும் முதல்ல இருந்து செஞ்சேன். இந்தத் தடவ யாரு எந்த எலியத் தொடுறதுன்னு தினம் சீட்டுப் போட்டோம். யாரு மடியிலயும் எந்த எலியும் உக்காரல. கஷாயத்துக்கும் வெறுந்தண்ணிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லன்னு தீசிஸ் எழுதி, பட்டமும் வாங்கினேன். பொறவு வேற ஊருக்கு வேலை மாறி வந்துட்டேன். அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்க. கிறிஸ்துமஸுக்குப் போன்ல பேசுவோம். அப்பாவப் பத்தி விசாரிப்பாங்க, மாத்திரை போடுதாரான்னு கேப்பாங்க. அந்தச் சிவப்புக் கோட்டப் பத்தி அவர்ட்ட சொல்லிட்டியான்னு ஒரு தடவகூடக் கேட்டதில்ல.

அப்பாவுக்கு இப்ப எழுபத்தாறு. அக்காவப் பத்திப் பேச்சு வந்தா, "தப்பப் பண்ணுனாலும் வந்து நின்னு ஒத்துக்கிட்டா பாரு, அந்த மனசு யாருக்கு வரும்"பார். நான் தலைய ஆட்டுவேன். போன மாசம் பக்கத்துக் கடைக்காரர் ஏதோ புதுப் பொடியக் கொண்டுவந்து, ப்ரெஷருக்கு நல்லது, மாத்திரைய விட்டுரலாம்னு சொல்லியிருக்கார். அப்பா வாங்கல. "எதுன்னாலும் என் மவகிட்ட கேட்டுட்டுத்தான். அவ ஒருநாளும் தப்பாச் சொல்ல மாட்டா"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். இத அவரே போன்ல சொல்லிச் சந்தோசப்பட்டார். நான், மாத்திரை போட்டிங்களாப்பான்னு கேட்டேன்.